ஆறாவது லெட்டர்

இல்ல சார், திரும்பவும் சொல்றேன், நேத்து மீட்டிங்ல அந்த லெட்டரத் தொறந்தது எங்க மாப்பிள்ளை இல்ல. நான்தான். எங்கேர்ந்தா? என் தையல் கடையிலேர்ந்து. ஒரு கையில ஜிப்பு மாத்தவேண்டிய பேன்ட்டு, இன்னொரு கையில போனு.

சிரிக்கிறீங்களா? நல்லா சிரிங்க. ஆனா அவரு வேலையில கை வச்சிடாதீங்க. பன்னெண்டு மணிக்குள்ள விளக்கம் எழுதிக் குடுக்கலன்னா வீட்டுக்குப் போயிடலாம்னு சொல்லிட்டீங்களாமே. அதான் ஓடி வந்தேன். தண்ணியெல்லாம் வேணாம் சார், உக்காருங்க.

கடையில ஒரு கம்ப்யூட்டர் இருக்கு. எம்பிராய்டரி மெஷினுக்கு டிசைன் அதுலேர்ந்துதான் போகணும். போன மாசம் படுத்துடுச்சு. மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். நான் வரவே வேணாம் அத்தை, ஒரு சாஃப்ட்வேர் சொல்றேன், போட்டுக்குங்க, இங்க ஆபீஸ்லேர்ந்தே சரி பண்ணிடறேன்னாரு. போட்டேன். ரெண்டு கட்டம் வந்துச்சு. ஒண்ணுல என் நம்பர் இருக்கும், அத அவருகிட்டப் படிச்சுச் சொல்லணும். இன்னொண்ணு காலியா இருக்கும், அதத் தொடவே கூடாது. நான் எதத் தொட்டிருப்பேன்னு நினைக்கிறீங்க?

நம்பர் இப்படி ஒம்போது இலக்கத்துல இருக்கும் அத்தைன்னு, உதாரணத்துக்கு அவரு நம்பரப் படிச்சாரு. மனுஷன் உதாரணமெல்லாம் குடுக்கலாமா சார்? அத அப்படியே காலிக் கட்டத்துல போட்டுட்டேன். அங்க அவரு கம்ப்யூட்டர், உள்ள விடலாமான்னு கேட்டிருக்கு. இவரு எல்லாத்துக்கும் சரி சரின்னு அமுக்கற ஆளு. எப்பவும் விடு, பாஸ்வேர்டு கேக்காதேங்கற வரைக்கும் டிக் போட்டுட்டாரு. அவரு என் கம்ப்யூட்டருக்குள்ள வரவேண்டியது, நான் அவரு கம்ப்யூட்டருக்குள்ள போய் உக்காந்துட்டேன்.

எனக்கு என்ன தெரியும்? திரை பளிச்சுன்னு ஆச்சு. நடுவுல என் பொண்ணு போட்டோ, இவ்ளோ பெருசா. ரிப்பேர் பண்ணதோட அலங்காரமும் பண்ணிட்டாரேன்னு உருகிப் போய்ட்டேன் சார். சரியாயிடுச்சு மாப்பிள்ளைன்னு போன வச்சுட்டேன். அவரும் தொடாமலே சரியாயிடுச்சேன்னு குஷியா வேலையப் பாக்கப் போய்ட்டாரு.

அப்புறம் நாலு நாள் சண்டை. நான் டிசைனத் தேடி அம்புக்குறிய இந்தப் பக்கம் இழுத்தா அது அந்தப் பக்கம் ஓடும். அங்க இவரு மூணு மவுஸ் மாத்தியிருக்காரு. மேஜை சாய்வா இருக்குன்னு காலுக்கடியில அட்டை சொருகியிருக்காரு. நீங்ககூட ஒரு நாள் வந்து அந்த மவுஸத் தூக்கி அடியில ஊதிட்டுப் போனீங்களாமே? நல்ல மனசு சார் உங்களுக்கு.

எப்படிக் கண்டுபிடிச்சேனா? நான் கையக் கட்டிட்டு உக்காந்திருக்கேன், திரையில எழுத்து வருது. தானா. மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு, என் மனைவிக்கு இந்த மாதம் பிரசவம், பத்து நாள் விடுப்பு வேண்டும்னு. அனுப்பற பட்டன் வரைக்கும் அம்பு போச்சு. அங்கயே நின்னு நடுங்கிச்சு. திரும்பி வந்துடுச்சு. மறுநாள் இன்னொரு லெட்டர். பத்து நாள் அஞ்சாச்சு, அஞ்சு மூணாச்சு. ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் போட்டு அடுக்கி வச்சிருக்காரு. மொத்தம் பத்து லெட்டர். கடைசி லெட்டர்ல அரை நாள் கேட்டிருக்காரு சார், அரை நாள். அதையும் அனுப்பல.

அப்பவே சொல்லியிருக்கணும், தப்புதான். ஆனா எப்படிச் சொல்றது? நீங்க பயந்து நடுங்கறத ஒளிஞ்சு நின்னு பாத்துட்டேன் மாப்பிள்ளைன்னா? மனசு வரல. என் வீட்டுக்காரரும் இப்படித்தான், லீவு கேக்கப் பயந்து, பொண்ணு பொறந்து பதினெட்டாம் நாள் வந்து எட்டிப் பாத்தாரு. அந்தக் கோவம் எனக்கு இன்னும் ஆறல.

அதான் நேத்து நானே அனுப்பிடுவோம்னு முடிவு பண்ணேன். ஆமா, தெரிஞ்சேதான். கை தவறிடுச்சுன்னு உங்க ஆபீஸ் வாசல்ல, உள்ள விடற அந்தப் பொண்ணுகிட்டச் சொன்னது பொய். கடைக் கம்ப்யூட்டர் மறுபடி படுத்துடுச்சு. அதே சாஃப்ட்வேரத்தான் என் டேப்லெட்லயும் போன்லயும் போட்டு வச்சிருந்தேன், அவரு நம்பர் அடிச்சா தொறந்துக்கும். டேப்லெட்ல சார்ஜ் இல்ல, போன்ல தொறந்தேன். அவ்ளோ பெரிய திரை உள்ளங்கைக்குள்ள வந்தா லெட்டரெல்லாம் எறும்பு சைஸ்ல இருக்கு. பெருசாக்கலாம்னு ரெண்டு விரல வச்சா, அது ரைட் கிளிக்குங்குது. பத்து நாள் கேட்ட மொத லெட்டரத்தான் தொட்டேன். தையக்காரி விரலு தடிமன் சார், பக்கத்து வரிசையில இருந்த ஆறாவது தொறந்துக்கிச்சு. அந்த நேரம் அவரு திரைதான் உங்க மீட்டிங் சுவத்துல ஓடுதுன்னு நான் கண்டேனா? ஆறாவது அவரு வயித்தெரிச்சல்ல எழுதினது. அனுப்பறதுக்கில்ல. நாப்பது பேரு முன்னாடி, மதிப்பிற்குரிய சிடுமூஞ்சி அவர்களுக்குன்னு. ஆனா ஒண்ணு ஒத்துக்கணும், அந்தக் கோவத்துலயும் மதிப்பிற்குரிய விடல பாருங்க.

முறைக்காதீங்க சார். நம்பலன்னா இந்த டேப்லெட்டப் பாருங்க. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூணாவது மேஜையில உங்களுக்கு விளக்கம் எழுதறாரே, அது இங்க ஓடுது. வருந்துகிறேன். அழிச்சுட்டாரு. மிகவும் வருந்துகிறேன். பாத்தீங்களா?

அது முடியறதுக்குள்ள புள்ள பொறந்துடும் சார். ஆமா, காலையில எட்டு மணிக்கே வலி எடுத்துடுச்சு. ஆஸ்பத்திரியில சேத்து, தங்கச்சியத் துணைக்கு வச்சுட்டு நேரா இங்கதான் வரேன். மாப்பிள்ளைக்கும் போன்ல சொல்லிட்டேன். எழுதிக் குடுக்காம எப்படி அத்தை எழுந்திருக்கறதுங்கறாரு. நான் சொன்னா எழுந்திருக்க மாட்டாரு. நீங்க சொல்லணும்.

ஐயோ, நீங்க எழுந்து போகாதீங்க, உங்களப் பாத்தா இன்னும் ஒரு மிகவும் சேப்பாரு. இதுலயே அடிங்க. கீழ மூலையில கீபோர்டு படம். அது இல்ல, அது அணைக்கறது. பக்கத்துல, ஆங். கிளம்புப்பான்னு அடிங்க, கீழ உங்க பேரு. போச்சு. மவுஸத் தலைகீழாப் பெரட்டறாரு. இருங்க, பதில் எழுதறாரு. எத்தனை நாளைக்கு சார்னு கேக்கறாரு.

பத்துன்னு போடுங்க. ஒண்ணு மட்டுந்தான் விழுந்திருக்கு. சைபர் அந்த வரிசையில கடைசியில இருக்கு சார்.