பேக்கரி வாசல் மிதிக்காத மாவு

— ஆகையினால், செண்பகவல்லி, மனித குலம் தோன்றிய நாள் முதலாய் எவர் கண்ணுக்கும் புலப்படாத ஓர் உயிரினத்தை, வானமாமலை என்னும் ஒருவன் இவ்வுலகுக்குக் காட்டிக் கொடுத்திருக்கிறான். நாளைக்கு ஆராய்ச்சிக் கூட்டத்து மேடையில இதைத்தான் முதல் வரியா வைக்கப்போறேன்.

— வைங்க. அதுக்கு முன்னாடி அந்தச் சட்டையைக் கழத்தி வைங்க. குர்லாவில வண்டி மாறுததுக்குள்ள எவனோ முதுகுல பான் துப்பியிருக்கான்.

— சட்டை கெடக்கு. நான் சொன்னது காதுல விழுந்துச்சா?

— விழுந்துச்சு. உங்க உயிரினம் நம்ம வீட்டு ஆப்ப மாவுலதானே கெடந்துச்சு? எவர் கண்ணுக்கும் படலைன்னா எப்படி? தினம் கையை விட்டுக் கலக்குதவ நான்.

— அதைப் பார்க்க மைக்ராஸ்கோப் வேணும்.

— கலக்குததுக்கு வேண்டாம்.

— உங்கிட்ட மல்லுக்கட்டத் தெம்பில்லை. செம்பூர்லயிருந்து நின்னுக்கிட்டே வந்திருக்கேன். லேப்ல ஒரு சின்னக் கட்பட், கொழப்பம். எங்கிட்ட ஆராய்ச்சிக்குச் சேர்ந்த பிள்ளை இருக்காள்லா, சுனாபட்டி சண்முகவடிவு...

— நம்ம வீட்டு ஆப்பம் மெத்து மெத்துன்னு இருக்குன்னு சொன்னவதானே. நல்ல பிள்ளை.

— நல்ல பிள்ளைதான். அமெரிக்காக்காரன் குடுத்த மிஷினை அவ கையில குடுத்தது என் புத்தி. இதுநாள் வரைக்கும் நாங்க ஈஸ்டை எப்படி இனம் பிரிப்போம்? உருவத்தைப் பார்ப்போம். எந்தச் சர்க்கரையைத் திங்குது, எதைத் திங்கலைன்னு பார்ப்போம். நம்ம ஈஸ்டு ஒரு சர்க்கரையைத் தொடவே மாட்டேங்குது. சாதா பேக்கரி ஈஸ்டு அதைத் தின்னுரும்னு புஸ்தகத்துல இருக்கு. அப்போ இது வேற இனம். கட்டுரை எழுதி, அதுக்கு எங்க லேப் டைரக்டர் பேரையே வச்சாச்சு.

— ஒரு சர்க்கரை பிடிக்கலைன்னா வேற இனமா? உங்களுக்குப் பாகற்காய் ஆகாது. உங்க தம்பி விரும்பித் திங்காரு.

— அவளும் இதையேதான் சொன்னா.

— பாகற்காயையா?

— கருத்தைச் சொல்லுதேன். ஈஸ்டுக்குள்ள டி.என்.ஏ.ன்னு ஒண்ணு இருக்கு. ரெண்டு புரி முறுக்கின கயிறு மாதிரி. சூடு ஏத்திக்கிட்டே போனா, ஒரு சூட்டுல புரி பிரியும். மிஷின் அதைக் கோடு போட்டுக் காட்டிரும். இனத்துக்கு இனம் அந்தச் சூடு மாறும். நம்ம ஈஸ்டும், ஒப்பிட்டுப் பார்க்க லேப்ல வச்சிருக்கிற சாதா பேக்கரி ஈஸ்டும் ஒரே சூட்டுல பிரியுதுங்கா.

— அப்போ ரெண்டும் ஒண்ணுதானே.

— அங்கதான் அவளை மடக்கினேன். வேற வேற சூட்டுல பிரிஞ்சா வேற இனம்னு அடிச்சுச் சொல்லலாம். ஒரே சூட்டுல பிரிஞ்சா ஒரே இனம்னு சொல்ல முடியாது. தராசுல ஒரே எடை காட்டுத ரெண்டு பேரு அண்ணன் தம்பியா?

— நியாயமாத்தான் இருக்கு. அதுக்கு அவ என்ன சொன்னா?

— ‘கரெக்ட் சார்’னா. சொல்லிட்டுப் போயி, லேப் ஈஸ்டுக்கும் அந்தச் சர்க்கரையைக் குடுத்துப் பார்த்திருக்கா. அதுவும் திங்கலை.

— நீங்க முன்னாடியே குடுத்துப் பார்க்கலியா?

— திங்கும்னு புஸ்தகத்துல இருக்கும்போது எதுக்குக் குடுக்கணும்?

— ம். காப்பி ஆறுது.

— டைரக்டர் கூப்பிட்டு விட்டார். பாவ் ரொட்டி வாங்குத எடத்துல எல்லாம் என் பேரு அடிபடணுமான்னு கேட்டார். பிரிவுத் தலைவர் வேலைக்கு என் பேரை எழுதி வச்சிருந்த மனுஷன், இப்போ பேனாவை மூடி வச்சிட்டு உக்காந்திருக்கார். பத்தொம்பது வருஷமா அந்த நாற்காலியைப் பார்த்துக்கிட்டே வேலை செஞ்சிருக்கேன், செண்பகம். நாளைக்கு நீ வந்து ஒரு வார்த்தை சொன்னாத்தான் உண்டு.

— நானா? மேடையிலயா?

— மாவு உன்னோடதுல்லா. பெருசா ஒண்ணும் இல்லை. எங்க மாவுல கள்ளு விட்டது கிடையாது, ஈஸ்டு போட்டது கிடையாது, பேக்கரி வாசலை மிதிச்சது கிடையாது. சீதனமா வந்த மாவு, முந்தின நாள் மாவை உறையா ஊத்தி ஊத்தி வருதுன்னு சொல்லு. அவ்வளவுதான். கட்டுரையிலயும் அப்படித்தான் எழுதியிருக்கேன்.

— பேக்கரி வாசலை மிதிச்சதில்லைன்னு சொல்லுதேன்.

— மத்ததும் சொல்லணும்.

— மத்தது வேண்டாம்.

— ஏன் வேண்டாம்? கூட்டத்துக்குப் பயமா?

— பொய்யின்னா எனக்கு நாக்கு குழறும். அதான்.

— செண்பகம். மாவுல ஈஸ்டு போட்டியா?

— ரேஷன் அரிசியில ஆப்பம் எழும்பலைங்க. வரட்டி மாதிரி வந்துச்சு. நீங்க தட்டைத் தள்ளி வச்சிட்டு எந்திரிச்சுப் போனீங்க. அதுக்கப்புறம் ஊரைக் கூட்டி ‘எங்க வீட்டு ஆப்பம்’னு பீத்த ஆரம்பிச்சீங்க. நான் எந்த எடத்துல வாயைத் தொறக்க?

— பேக்கரியில வாங்கினியா?

— பேக்கரிக்காரன் காலால மாவு மிதிக்கான்னு சொன்னது நீங்க. நான் அந்தப் பக்கமே போகலை.

— இரு, இரு. பேக்கரி இல்லை. அப்போ இன்னும் வழி இருக்கு. மான்குர்த் பக்கம் எவனாவது திருட்டுத்தனமா மரம் ஏறுதானா? கள்ளாவே இருக்கட்டும், பரவாயில்லை. பனையில புது ஈஸ்டு இருக்க நிறைய நியாயம் இருக்கு. மேடையில வேற மாதிரி சொல்லிக்கலாம். கள்ளுதானே?

— கள்ளு இல்லை.

— பின்ன எங்கயிருந்து வருது?

— உங்க டப்பாவுல.

— எந்த டப்பா?

— மத்தியானச் சோத்து டப்பா. டப்பாவாலா காலியாக் கொண்டாந்து குடுக்கான்லா. சனிக்கிழமை மட்டும் மேல் தட்டுல ஒரு சின்ன பாட்டில் இருக்கும். உங்க லேப் அட்டெண்டர் மாசானம் வச்சு அனுப்புதான்.

— மாசானமா?

— ஃபேன் மாட்ட வந்த அன்னைக்கு அவனுக்கு ஆப்பம் போட்டேன். பார்த்துட்டு, ‘லேப்ல இதை வளத்து மிச்சத்தைச் சாக்கடையிலதான் ஊத்துதோம், சாப் வீட்டுக்கு இல்லாததா’ன்னான். நல்ல மனசு.

— லேப்ல அலமாரி நிறைய பாட்டில் இருக்கு. எந்த ஈஸ்டுன்னு அவன் கண்டானா?

— பாட்டில்ல சீட்டு ஒட்டியிருக்கு. ‘சாதா பேக்கரி ஈஸ்ட், ஒப்பிட்டுப் பார்க்க மட்டும்’னு உங்க கையெழுத்து. ஒண்ணுல கடுகு போட்டு வச்சிருக்கேன்.