எச்சில் தட்டு

— என்ன சொன்னான் அந்த மொட்டை? என் தட்டை நானே கழுவணுமாமா?

— மெதுவாப் பேசுங்கண்ணா. ஆசிரமத்துல எல்லாரும் அப்படித்தான். பெரிய சாமியே அவர் தட்டைக் கழுவிட்டுத்தான் போறாரு.

— அவன் கழுவுவான், அவனுக்கு வேற என்ன வேலை? நம்ம வீட்டுல எந்த ஆம்பளையாவது எச்சில் தட்டைத் தொட்டிருக்கானா? சொல்லு பாப்பா.

— தொட்டதில்லைண்ணா.

— இந்தா, நீ கொண்டுபோய்க் கழுவி வை.

— இங்க ஒருத்தர் தட்டை இன்னொருத்தர் கழுவ விடமாட்டாங்கண்ணா.

— அப்ப இங்கேயே கிடந்து காயட்டும். முற்றும் துறந்தவனுக்கு மூணு மாடி எதுக்குங்கறேன்? ஆசையை விடு, கோவத்தை விடுன்னு காலையில அந்தக் கத்து கத்தினான். நடுவுல மைக் கொர்ருன்னதும் மைக்காரனை எரிச்சுடற மாதிரிப் பார்த்தான், கவனிச்சியா? இவன் கால்ல விழ ஒரு வரிசை! அந்த வரிசையில இடம் பிடிக்க ஒரு சண்டை!

— நமக்கென்னண்ணா. தம்பியைக் கூப்பிடத்தானே வந்தோம்.

— அதைத்தான் சொல்றேன். பொண்ணோட சித்தப்பா வெளிநாட்டுல இருக்கார், கல்யாணத்துக்குக் கண்டிப்பா வந்துடுவார்னு சம்பந்திகிட்ட வாக்குக் குடுத்துட்டு நிக்கறேன். பரதேசிங்களுக்குச் சோறு வடிச்சுக்கிட்டிருக்கான்னு தெரிஞ்சா, என் பொண்ணு மணவறையில எப்படி உக்காருவா?

— அவனுக்கு வர இஷ்டம்தான். மலையேறி வர்ற யாத்திரைக்காரங்க பூரா இங்கதான் சாப்பிடறாங்க. சமையக்கட்டைப் பொறுப்பா ஒருத்தர்கிட்ட விட்டாத்தான் கிளம்ப முடியும்னான்.

— ஒரு வேளை பட்டினி கிடந்தா அவனுங்க குடியா முழுகிடும்? குடும்பத்துல பிறந்தவன் இருக்கற இருப்பா இது? உன்னைப் பார்த்தாவது புத்தி வர வேண்டாம்? அந்தஸ்து பத்தலைன்னு உனக்கு வந்த வரன் ஒவ்வொண்ணையும் நான்தான் திருப்பி அனுப்பினேன். நீ வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டியா? அது பிள்ளை!

— கேட்கலைண்ணா.

— போ, போய் இன்னொரு தடவை கூப்பிட்டுப் பாரு. அவன் காதுல நாலு வார்த்தை நல்லா உறைக்கறாப்ல போடு.

— போட வேண்டாம். ஆள் அமைஞ்சாச்சு. தம்பி பையோட கார்ல ஏறி உக்காந்துட்டான்.

— அப்படிப் போடு! நம்ம ரத்தம்டி, எங்க போயிடும்? சரி, எழுந்திரு. இருட்டறதுக்குள்ள மலையை விட்டு இறங்கிடணும்.

— மாத்திரை உங்க சட்டைப் பையில இருக்கு. வெந்நீர் ஃப்ளாஸ்க்கை முன்சீட்டுல வச்சிருக்கேன். பீரோ சாவி அண்ணிகிட்ட இருக்கு.

— அவகிட்டயா? வீட்டுல கொத்துச் சாவியை நீ இடுப்பை விட்டு எடுத்ததே இல்லையே! எப்பக் குடுத்தே?

— நாம புறப்படும்போதே குடுத்துட்டேன்.

— கல்யாணத்தை வச்சுக்கிட்டு என்ன காரியம் பண்ணியிருக்கே? நாளைக்கு ஒறமொறை வந்து இறங்கினா நீதானே எல்லாத்தையும் எடுத்து வைக்கணும்? வா, பேசாம வந்து கார்ல ஏறு.

— நான் வரலைண்ணா. உள்ள உலை வச்சுட்டு வந்திருக்கேன், இந்நேரம் கொதிச்சிருக்கும்.