எஞ்சின் எடையில் உப்பைக் கழித்த குழுவுக்கு ஒரு பாராட்டு

என் பேச்சு நீளுமோ என்ற கவலையை மறைத்தபடி தலைமையேற்று அமர்ந்திருக்கும் அப்துல் சமத் பாய் அவர்களே! தோல் மண்டிப் பெரியோர்களே! ஷூ கம்பெனி ஷிப்டு முடிந்து நேராக இங்கே வந்திருக்கும் தாய்மார்களே! அனைவருக்கும் வணக்கம், சலாம்!

முதலில் ஒரு மன்னிப்பு. நான் எழுதப் படிக்கக் கற்றது போன வருடம்தான். இந்தத் தாளில் என் எழுத்துகள் கோணல்மாணலாக நிற்கின்றன. நின்று நின்றுதான் வாசிப்பேன். ஆனால் வாசிப்பது நான் எழுதியதை! அந்த சந்தோஷத்துக்காகவாவது பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் நிசார் அஹமது, இரண்டு பேர் உட்காரும் விமானத்தைத் தன் ஷெட்டிலேயே கட்டினார். இறக்கை வந்தது, வால் வந்தது. எஞ்சின் மட்டும் வரவில்லை. உடனே குழு போட்டோம். குழுவில் பறந்தவர் உண்டா? இல்லை! விமானத்தைக் கிட்டே பார்த்தவர் உண்டா? இல்லை! கருத்து சொல்லாதவர் உண்டா? ஒருவரும் இல்லை! தோல் பதனிடும் டேனரி டிரம்மைச் சுழற்றும் மோட்டாரே உறுதி என்றார் ஒருவர். என் பம்புசெட்டையே தருகிறேன் என்றேன் நான். என்ன சிரிப்பு அங்கே? மூன்று போகத்துக்கும் இறைத்த எஞ்சின் ஐயா அது!

கடைசியில் ஓர் எஞ்சின் பிடித்துப்போனது. சக்தி சரி, எடைதான் ஜாஸ்தி. பச்சைத் தோல் வாங்கும்போது, விற்பவர் சொல்லும் எடையில் உப்புக்கும் ஈரத்துக்கும் கழிக்கிறவர்கள் அல்லவா நாம்?

"விக்கிறவன் சொல்ற எடைக்கு இன்னாத்துக்கு பாய் பயப்படுறீங்க? கொஞ்சம் கழிச்சிக்கோங்க" என்றார் குழுத் தலைவர் சுஹேல் அகமது.

கழித்தோம். கணக்கு சரியானது. பிரியாணி சாப்பிட்டோம்.

எஞ்சின் என்ன ஆட்டுத்தோலா? விற்றவர் சொன்னது வெறும் எஞ்சினின் எடை. ஆயில், குளிர்விக்கும் தண்ணீர், புகைக்குழாய் எதுவும் அதில் சேரவில்லை. கூட்ட வேண்டிய இடத்தில் கழித்த மேதைகள் நாங்கள்!

நேற்று எஞ்சினை மூக்கில் பொருத்தி, எல்லாவற்றையும் மாட்டி நிரப்பினார்கள். வால் மேலே எழும்பியது. மூக்கு தரையில் முட்டியது.

"இன்னாங்க இது, கீழ இன்னாத்தையோ தேடுது?" என்றார் நிசாரின் மனைவி வஜீதாம்மா.

"வால்ல ஒரு மூட்ட உப்பு கட்டினா சரியாப் போய்டும் பாபி" என்றார் சுஹேல்.

"கட்டுங்க பாய். கட்டிட்டு பக்கத்து சீட்ல நீங்க ஏறுங்க. எங்க வூட்டுக்காரர மட்டும் தனியா அனுப்ப மாட்டேன்."

சுஹேலுக்கு அந்த நொடியில் மூட்டுவலி வந்தது.

ஆனால் நிசார் என்ன சொன்னார்? "நாளைக்குப் பறக்கறேன்னு நோட்டீஸ் அடிச்சாச்சு, மேடை போட்டாச்சு. இப்ப எப்படி நிறுத்தறது?"

நோட்டீஸைக் கிழிக்கலாம்! பந்தலைப் பிரிக்கலாம்! மேடையைக் கலைக்கலாம்! நிசார் அஹமது என்ற மனிதரை எந்த மண்டியில் போய் வாங்குவது? ராணிப்பேட்டையில் கிடைப்பாரா? திருப்பத்தூர்ச் சந்தையில் கிடைப்பாரா?

கை தட்டாதீர்கள், இது தட்டுகிற நேரமில்லை. நமக்கு வேண்டியது, எல்லாம் நிரப்பித் தராசில் ஏற்றினாலும் விமானம் தாங்குகிற எஞ்சின். ஒரு ஸ்பார்க் பிளக்கு அணைந்தாலும் இன்னொரு பிளக்கு எரிகிற எஞ்சின். அது வரும்வரை விமானம் ஷெட்டில் நிற்கட்டும். மனிதர் வீட்டில் இருக்கட்டும்!

அதோ, நிசார் எழுந்துவிட்டார். கோபமா பாய்? இல்லை, சட்டைக் கையை மடிக்கிறார்! குழுவுக்குப் போர்த்த வாங்கிய சால்வைகளை உள்ளே வையுங்கள். குழுவின் கையில் ஸ்பானரைக் கொடுங்கள். தலைவருக்கு நன்றி, தாய்மார்களுக்கு வணக்கம். வஜீதாம்மா, ஷெட்டைத் திறங்க. எஞ்சினை இறக்க வர்றோம்!