திருநாள் சனம்

— அந்தக் குழுவுக்கு என்ன சொன்னனீங்கள் அப்பா? ஒளிக்காமல் சொல்லுங்கோ.

— ஒளிக்க, இந்தச் சுவாம்பிள்ளை களவே எடுத்தவன், அமலினி? கோயில் திருநாளண்டு கொழும்பிலையிருந்து கோட்டுப் போட்ட ஆக்கள் எங்கட தீவிலை வந்து இறங்கினாங்கள். கோயிலடியிலை கால் வைக்க இடமில்லை. "இந்தத் தீவிலை இவ்வளவு சனமோ?" எண்டு வாயைப் பிளந்தாங்கள். "இது குறைவு ஐயா, பாதிச்சனம் கடலுக்குப் போயிட்டுது" எண்டன்.

— அது முழுக்க உங்களைப் போலை இஞ்சை இத்தாலியிலை, பலெர்மோவிலையிருந்து லீவிலை போன சனமெல்லோ!

— பாரிஸ் ஆக்களும் நிண்டவை. பாஸ்போட் காட்டச் சொல்லி நானே கேக்கிறது?

— சிரிக்காதேங்கோ. உங்கட கதையை நம்பித்தான் ஐஸ் பக்ரறியைத் தந்திருக்கிறாங்கள். கட்டிடம் முடிஞ்சுது, மெசினும் வந்திட்டுது. வேலைக்கு ஆளில்லை.

— தரட்டுமே! இவ்வளவு காலமும் எங்களுக்கு என்ன வேணுமெண்டு கொழும்பெல்லோ முடிவெடுத்தது? குடிக்கவே தண்ணியில்லாத மண்ணுக்குத் தென்னம்பிள்ளை அனுப்பினவங்கள். இப்பதான் எங்கட பிரதேச சபையின்ரை சொல்லு ஏறுது. ஐஸ் இல்லாமல் எங்கட மீன் யாழ்ப்பாணம் போய்ச்சேர முந்தி எழும்பி நடக்குது பிள்ளை!

— சபை இருக்கு. சனம் எங்கை? நாலைஞ்சு வயசுபோனதுகளும் தவிசாளர் யோசேப்பண்ணையின்ரை குடும்பமும்தான். பக்கத்துத் தீவிலை சனமும் இருக்கு, வள்ளமும் இருக்கு. அவை கேட்டதையெல்லோ நாங்கள் வாங்கினம். அவையின்ரை மீன் இப்பவும் வெயிலிலை கிடந்து அழுகுது.

— அவைக்கும் ஒண்டு குடுக்கட்டுமே!

— இந்த மாதத்துக்குள்ளை ஆக்கள் சேராட்டி மெசினைக் கழட்டி ஏத்திப்போடுவாங்களாம். பிறகு ஒரு தீவுக்கும் இல்லை.

— யோசேப் விடமாட்டான். ஒராள் நூறு பேருக்குச் சமன். திருநாளண்டு என்னை விட்டாலெல்லோ! பலெர்மோ எப்பிடி, பலெர்மோ எப்பிடி எண்டு குடைஞ்செடுத்தவன்.

— என்ன சொன்னனீங்கள்?

— முதலாளியம்மா சிக்னோரா வீட்டு மாபிளிலை முகம் பாத்துச் சவரம் எடுக்கலாம். பல்லரோச் சந்தையிலை மீனைச் சும்மா தந்து, கொண்டுபோங்கோ எண்டு கெஞ்சுவாங்கள். அங்கை தங்க பெர்மெஸ்ஸோ விசா எடுக்கிறது முட்டை அவிக்கிற வேலை.

— அப்பா!

— வேறை என்ன சொல்ல? அந்த மாபிளை முப்பது வருசம் முழங்காலிலை நிண்டு துடைச்சனான் எண்டோ?

— போன் அடிக்குது. யோசேப்பண்ணை.

— எடு, எடு! சுவாம்பிள்ளை ஊருக்கே வாறன் எண்டு சொல்லு. பகிடியில்லை பிள்ளை, மெய்யாத்தான். நான் போய் நிண்டால் இன்னும் நாலுபேர் வருவினம். இந்த வயசிலை ஐஸ் உடைக்கேலாதே எனக்கு?

— ஓம் அண்ணை... ஓம், பக்கத்திலைதான் இருக்கிறார்... எங்கையோ?... சரி. அங்கையே நில்லுங்கோ.

— என்னவாம்? ஆக்கள் சேந்திட்டினமோ?

— சப்பாத்தைப் போடுங்கோ அப்பா. இஞ்சை ரயில் ஸ்தாசியோனேயிலை பெஞ்சாதி பிள்ளையளோடை வந்து நிக்கிறார். அந்த மாபிள் வீட்டிலை உங்கட வேலை இன்னும் இருக்கோ எண்டு கேக்கிறார்.