இடது கால் ஐந்து, வலது கால் ஆறு

மலாயாவில் ஜப்பான்காரன் காலம். ராசா என்ற ஊரில் அரிசிக்கு வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு வாத்தியாரும், ரப்பர் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் ஒரு மண்டோரும். வாத்தியார் முன்பு காலேஜ் பையன்களுக்குப் பந்தாட்டம் பழக்கியவராம். இப்போது தோட்டத்து டீமுக்கு.

"பதினொரு பேரும் இடது காலையே நொண்டிட்டானுங்க, மண்டோரே."

"எதுக்கு நொண்டணும்?"

"சயாம் ரயில் வேலைக்கு ஆள் பிடிக்க ஜப்பான்காரன் வந்தான்லா. போனவன் எவன் திரும்பினான்? நொண்டிய எடுக்கமாட்டான். ஒரு வாரம் பழக்கினேன்."

"பந்து பழக்குற மாதிரியே பழக்கியிருக்கீங்க! ஆபீசர் நம்பினானா?"

"எல்லாருக்கும் ஒரே காலான்னு முறைச்சான். நாளைக்கு மறுபடி வர்றானாம். இப்ப அஞ்சு பேருக்கு இடது, ஆறு பேருக்கு வலதுன்னு பிரிச்சுவிட்டிருக்கேன்."

"காலேஜுக்கு மூணு கப்பு வாங்கிக் கொடுத்தவராச்சே, இதுல தோக்கலாமா?"

வாத்தியார் சிரிக்கவில்லை. "அதெல்லாம் தகரம்லா. நாளைக்குப் பதினொரு பேரும் வீட்டுக்குத் திரும்பினா, அதுதான் கப்பு."

மாலையில் மாரியம்மன் கோயிலில் செம்பனை எண்ணெய் ஊற்றி விளக்கேற்றினேன். அந்தப் பையன்களின் பெயர் ஒன்றும் எனக்குத் தெரியாது. "தாயே, இடது கால் ஐந்து, வலது கால் ஆறு. மாறிப்போகாமல் நீதான் பார்த்துக்கொள்ளணும்" என்று வேண்டிக்கொண்டேன்.