அவர் சாப்பிட்ட கிண்ணம்

மொதல்ல அந்த வெள்ளைக் கையுறையக் கழட்டுங்க தம்பி. சோத்துக் கிண்ணத்தத் தொடறதுக்குக் கையுறையா? சீக்கு புடிச்ச வீட்டுக்கா வந்திருக்கீங்க?

கவுத்துப் பாக்காதீங்க, அடியில பேரெல்லாம் இருக்காது. இந்த மலையில எந்தக் குயவனும் பேர் வெட்டறதில்ல. டோக்கியோவுல வேணும்னா வெட்டிக்கட்டும். எங்க வீட்டுக்காரர் ஷின்சாகு செஞ்சதுதான். பொண்டாட்டி நான் சொல்றேன், போதாதா?

உங்க மியூசியத்துல கண்ணாடிப் பெட்டியில வெப்பீங்களாமே! மேல விளக்கு, கீழ பேர் எழுதுன சீட்டு. சுடச்சுட சோறு போட்டு கையில ஏந்தித் திங்கறதுக்குச் செஞ்சது அது. அடிய ஏன் இவ்ளோ உசரமா வெச்சாரு? விரல் சுடக்கூடாதுன்னு. உங்க பெட்டிக்குள்ள யாரு விரல் சுடப்போகுது?

கொட்டகையில நூறு கிண்ணம் கெடக்கு, அள்ளிட்டுப் போங்க. இதான் வேணுமா? ஏன், அவர் வாய் பட்டதுன்னா மவுசு ஜாஸ்தியோ?

ஆமா, ஈரந்தான். காலையில கழுவுனேன். என்ன அப்படிப் பாக்குறீங்க? போன நாத்து நடவுல அவர் செத்துட்டாருன்னு எனக்குத் தெரியாதா?

அந்த மனுஷன நெனச்சாலே பத்திக்கிட்டு வருது. இப்பல்லாம் நீங்க செய்யற கிண்ணத்துல விளிம்பு தடிச்சுப் போகுது, ஒதட்டுல இடிக்குதுன்னு ஒரு வார்த்த சொன்னேன். உள்ளதத்தானே சொன்னேன்? பாதிச் சோத்துல விருட்டுன்னு எந்திரிச்சுப் போனாரு. சக்கரத்துல இருந்த களிமண்ணு மேலயே சாஞ்சிட்டாரு. பதில் சொல்லிட்டுச் சாகக் கூடாது? சண்டைய அந்தரத்துல விட்டுட்டா போறது?

ஓ, அந்த வழக்கம் உங்களுக்கும் தெரியுமா! உடைச்சோமே. சவப்பெட்டி வாசலத் தாண்டறப்ப செத்தவங்க கிண்ணத்தப் போட்டு உடைக்கணும். இங்க இனிமே உனக்குச் சோறில்ல, திரும்பிப் பாக்காமப் போன்னு அர்த்தம். கொழுந்தன் தொகுஜி என் கையப் புடிச்சு இழுத்துட்டு வந்து நிறுத்தினாரு. ஊரே பாத்துச்சு. சத்தமும் நல்லாவே கேட்டுச்சு.

அப்புறம் இது எப்படி முழுசா இருக்குன்னா கேக்கறீங்க? பாதிச் சோத்துல போனவருகிட்ட சோறில்லன்னு எந்த வாயால சொல்றது? தினம் இதுலதான் சோறு போட்டு வெக்கறேன். வந்து மிச்சத்தத் தின்னுட்டு, எனக்குப் பதில் சொல்லிட்டு, அப்புறம் எங்க வேணாப் போகட்டும். கொண்டாங்க இங்க.

நான் எதுல சாப்பிடறேனா? கொட்டகையிலேருந்து ஒண்ணு எடுத்துக்கிட்டேன். என் கிண்ணத்தத்தான் அன்னிக்கு வாசல்ல போட்டு உடைச்சிட்டேனே.