ஐயரை அதிரவைத்த கியர்பொக்ஸ்

கேரம் டவுன்ஸ் கோயில் சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண் தன் அப்பாவிடம், "போன முறை கார்ப் பூசையில நீங்கள் கியர் மாத்தின சத்தத்தில ஐயர் கற்பூரத் தட்டையே விட்டிட்டார்" என்றாள். என் காது நீண்டது.

"அது நேர்ப்பல்லுச் சக்கரம், பிள்ளை. மோதிக் கத்தும். இப்ப நானே சத்தம் போடாத சாய்வுப்பல்லு வெட்டிப் போட்டிருக்கிறன். தொண்ணூறு வயசுக் காரெல்லே, சாமான் கடையில கிடைக்காது!"

"என்ர கலியாணத்தண்டைக்கும் கத்தினால் வாடகைக் காரிலதான் போவன் எண்டு சொன்னனான்."

"சரி, இண்டைக்குப் பூசையில கத்தினதோ?"

"இல்லை. சில்லுக்குக் கீழ எலுமிச்சம்பழம் நசுங்கினதுகூடக் கேட்டுது."

"அப்ப?"

"உங்கட காரிலதான் வாறன், அப்பா."

அவர் விட்ட பெருமூச்சு வரிசை முழுக்கக் கேட்டது. ஆட்டோமேட்டிக் கார் தவிர வேறெதுவும் ஓட்டத் தெரியாத நானும் கூடவே ஒன்று விட்டேன்.